நாக்குக்கு அடியில் 5 மில்லிகிராம்: சார்பிட்ரேட் தரும் நிம்மதியும் தின்னும் நேரமும்

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, காலை ஆறே முக்கால். மூன்று சுற்று முடித்துவிட்டுச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்த பெரியவர், உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டார். நெற்றி வியர்த்திருந்தது. நடந்த வியர்வை மாதிரி இல்லை.

"கேஸ்தான் ஓய். நேத்து ரிசப்ஷன்ல வாழைக்காய் பஜ்ஜி."

"கேஸோ என்னவோ, முதல்ல இதை நாக்குக்கு அடியில வெச்சுக்கும்."

ஒரு சட்டைப் பையிலிருந்து மாத்திரை ஸ்ட்ரிப் வெளியே வந்தது. அதற்குள் இன்னொரு பையிலிருந்து இன்னொன்று. மூன்றாமவர் பர்ஸில், பெருமாள் படத்துக்குப் பின்னால் வெட்டிச் செருகிய இரண்டு மாத்திரைகள். நான்கு பேர் நின்ற இடத்தில் நான்கு பேரிடமும் சார்பிட்ரேட்! ஐந்து நிமிடத்தில் வலி குறைந்ததாகச் சொன்னார் பெரியவர். "பார்த்தேளா, ஒண்ணுமில்லை" என்று எழுந்தார். எழுந்த வேகத்தில் கண் இருட்டிப் பக்கத்திலிருந்தவர் தோளில் சாய்ந்தார்.

எதிர்ப்பக்கம் நடந்துகொண்டிருந்த ஓர் அம்மா, புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக ஓடி வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ் என்பது பிறகு தெரிந்தது. "எழுந்திருக்காதீங்க சார். சாய்ஞ்சு உட்காருங்க. 108 யார் போட்டீங்க?" யாரும் போடவில்லை. "ஆஸ்பிரின் யார்கிட்டயாவது இருக்கா?" யாரிடமும் இல்லை.

அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த நானும் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் பையிலும் ஒரு சார்பிட்ரேட் ஸ்ட்ரிப் இருந்தது. ஆஸ்பிரின் இல்லை.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எந்தப் பக்கம் போனாலும் அறுபதைத் தாண்டியவர்கள் சாவிக்கொத்து மாதிரி கூடவே வைத்திருக்கும் மாத்திரை இது. ஒரு மாத்திரையின் விலை, ஒரு டம்ளர் டிகிரி காபியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வாட்ஸ்அப்பில் 'உயிர் காக்கும் மாத்திரை' என்று இதற்குப் பட்டமும் உண்டு. அது உண்மையா?

வெடிமருந்து வீட்டுப் பிள்ளை

கதை 1847-இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் ஆரம்பிக்கிறது. அஸ்கானியோ சோப்ரெரோ என்ற வேதியியலாளர் கிளிசரினோடு நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்து நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெயை உண்டாக்கினார். தட்டினால் வெடிக்கும். நாக்கில் துளி பட்டாலே தலை பிளக்கும். 1867-இல் ஆல்ஃபிரட் நோபல் அதே எண்ணெயை ஒருவகை மண்ணில் ஊறவைத்து டைனமைட் என்று விற்றார். 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல், அதையே மிகக் குறைந்த அளவில் நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். வலி அடங்கியது. ஏன் அடங்கியது என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வந்த நூறு வருட டாக்டர்களுக்கும் தெரியாது.

1896-இல் நோபலே நெஞ்சுவலியால் அவதிப்பட்டார். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து நைட்ரோகிளிசரின். கடைக்காரரும் ஜனங்களும் பயந்துவிடக் கூடாது என்று 'டிரைனிட்ரின்' என்று பெயர் மாற்றியிருந்தார்கள். இந்த விசித்திரத்தை நண்பருக்குக் கடிதம் எழுதிச் சிரித்துக்கொண்டார். அந்த டிசம்பரிலேயே காலமானார்.

இந்த எண்ணெய்க்கு நம் ஊர் முகவரியும் உண்டு. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போகிறவர்கள் வழியில் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அங்கே 1903-இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்தின் இரண்டு முக்கியச் சரக்குகளில் ஒன்று நைட்ரோகிளிசரின்.

வெடிமருந்துத் தொழிலாளர்களுக்கு உலகெங்கும் ஒரு விநோத வியாதி இருந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் தலைவலி மண்டையைப் பிளக்கும். வாரத்தின் நடுவில் உடம்பு பழகிவிடும். ஞாயிறு வீட்டில் இருந்தால் சிலருக்கு நெஞ்சுவலியே வரும். அதனால் லீவு நாளில் தொப்பிப் பட்டையில் கொஞ்சம் சரக்கைத் தடவிக்கொண்டு போனவர்களும் உண்டு. 'திங்கட்கிழமைத் தலைவலி' என்ற இந்தச் சமாசாரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மர்மத்தை உடைத்தவர்கள் மூன்று அமெரிக்கர்கள். நைட்ரோகிளிசரினிலிருந்து கிளம்பும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுதான் ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது என்று 1977-இல் காட்டினார் ஃபெரிட் முராட். ரத்தக்குழாயின் உள்பூச்சு தானாகவே ஏதோ ஒரு தளர்த்தும் பொருளைச் சுரக்கிறது என்று 1980-இல் கண்டார் ராபர்ட் ஃபர்ச்காட். இரண்டும் ஒன்றுதான், உடம்பு தானே அந்த வாயுவைத் தயாரிக்கிறது என்பது லூயிஸ் இக்னாரோ உள்ளிட்டவர்களின் ஆய்வுகளால் உறுதியானது. மூவருக்கும் 1998-இல் பரிசு கிடைத்தது. பரிசின் பெயர்? நோபல்தான்.

ஆக, பூங்காவில் அந்தப் பெரியவர் சொன்னது ஒருவகையில் சரி. 'கேஸ்'தான். ஆனால் அது வலியைத் தந்த கேஸ் அல்ல, வலியை எடுத்த கேஸ்.

[பெட்டிச் செய்தி] பெயருக்குள்ளே ஒரு சர்க்கரை

நைட்ரிக் ஆக்சைடு, ஒரு நைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த நிறமில்லா வாயு. ரத்தத்தில் கலந்தால் சில நொடிகூடத் தங்காது. பாட்டிலில் அடைத்து விற்க முடியாத இந்தச் சரக்கைத் தன்னுள் கட்டிவைத்து, உடம்புக்குள் போய் அவிழ்த்துவிடும் மருந்துகளைத்தான் 'நைட்ரிக் ஆக்சைடு கொடையாளிகள்' என்கிறார்கள். நைட்ரோகிளிசரினில் மூன்று நைட்ரேட் முடிச்சு. ஐசோசார்பைடு டைநைட்ரேட்டில் இரண்டு. மோனோநைட்ரேட்டில் ஒன்று. சார்பிட்ரேட் என்பது இரண்டாவதின் வணிகப் பெயர். சுகர்ஃப்ரீ இனிப்புகளில் போடுகிறார்களே சார்பிட்டால், அதிலிருந்து நீரை வெளியேற்றினால் ஐசோசார்பைடு. அதில் இரண்டு நைட்ரேட்டைக் கட்டினால் இந்த மருந்து. கலப்பில்லாத நிலையில் இதுவும் வெடிக்கக்கூடியதுதான். அதனால் பால் சர்க்கரை போன்ற பொருள்களைக் கலந்து நீர்த்த நிலையில்தான் மாத்திரைத் தொழிற்சாலைக்கே வந்து சேர்கிறது.

வலி போச்சு, அடைப்பு?

மாத்திரை நாக்குக்கு அடியில் கரைகிறது. விழுங்கினால் ஈரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும் என்பதால்தான் அந்த இடம். சில நிமிடங்களில் நைட்ரிக் ஆக்சைடு அவிழ்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள தசைக்குள் 'ஜி.எம்.பி.' என்ற சைகைப் பொருள் பெருகுகிறது. தசை தளர்கிறது. முதலில் விரிவது சிரைகள். உடம்பின் ரத்தம் கால் பக்கமாகத் தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. இதயத்துக்கு வேலை குறைகிறது. வலியும் குறைகிறது.

இதில் எங்காவது அடைப்பு கரைந்ததா? இல்லை. மாரடைப்பு என்பது இதயத் தமனியில் ரத்தக்கட்டி உட்கார்ந்துகொள்வது. அந்தக் கட்டியை இந்த மாத்திரை கரைக்காது. நடந்தால் வலி, நின்றால் சரி என்று வரும் 'ஆஞ்சைனா'வுக்கு இது அருமையான மருந்து, அதில் சந்தேகமே வேண்டாம். மாரடைப்புக்கு அப்படி இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 1995-இல் வெளியான ஐசிஸ்-4 என்ற மாபெரும் ஆய்வில் மாரடைப்பு சந்தேகத்தில் சேர்க்கப்பட்ட 58,050 பேர் இருந்தார்கள். ஐந்து வார முடிவில், நைட்ரேட் மாத்திரை பெற்றவர்களில் இறந்தவர்கள் 7.34 சதவீதம். பெறாதவர்களில் 7.54 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே அல்ல.

"மாத்திரை போட்டதும் வலி நின்றதே, அப்போ அது இதய வலிதானே?" என்பது அடுத்த நம்பிக்கை. இதன் மறுபக்கம்தான் ஆபத்து: "நிற்கவில்லை, அப்போ கேஸ்தான்." 2003-இல் ஓர் அமெரிக்க மருத்துவக் குழு, நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்து நைட்ரோகிளிசரின் பெற்ற 459 பேரைத் தொடர்ந்து பார்த்தது. உண்மையிலேயே இதயத் தமனி நோய் இருந்தவர்களில் 35 சதவீதத்தினருக்கு வலி குறைந்தது. அந்த நோய் இல்லாதவர்களில் 41 சதவீதத்தினருக்குக் குறைந்தது! உணவுக்குழாய்ப் பிடிப்பையும் இந்த வாயு தளர்த்தும். ஆக, மாத்திரையின் விடையை வைத்து நோயை முடிவு செய்வது, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். ஈ.சி.ஜி. எடுத்தால்தான் தெரியும்.

என் கவலை இங்கேதான். இந்த மாத்திரை விஷம் அல்ல. அது தரும் நிம்மதிதான் காலனுக்குக் கொடுக்கும் வாய்தா. வலி குறைந்ததும் என்ன செய்கிறோம்? கொஞ்சம் படுக்கிறோம். ஓம வாட்டர் குடிக்கிறோம். மகன் ஆபீசிலிருந்து வரட்டும் என்கிறோம். இந்தியாவின் 20,468 மாரடைப்பு நோயாளிகளைப் பதிவு செய்து 2008-இல் வெளியான 'கிரியேட்' ஆய்வு, வலி ஆரம்பித்து ஆஸ்பத்திரி வந்துசேர ஆன இடைநிலை நேரத்தைச் சொல்கிறது: 360 நிமிடம். ஆறு மணி நேரம்! மயிலாப்பூரில் வலி வந்தவர் ரயிலேறித் திருச்சிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். வந்த பிறகு கட்டி கரைக்கும் ஊசி போட ஆன நேரம் வெறும் 50 நிமிடம். தாமதம் ஆஸ்பத்திரியில் இல்லை, நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

நேரத்தைக் கட்டினால் உயிர் தங்கும் என்பதற்கு வெளிநாட்டு ஆதாரம் தேடவே வேண்டாம். கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் டாக்டர் அஜித் முல்லாசரி ஆகியோர் முன்னெடுத்த ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது. சிறிய ஆஸ்பத்திரிகளையும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸோடு ஒரே வலையாக இணைத்தார்கள். 2,420 நோயாளிகள். ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியது என்று 2017-இல் வெளியிட்டார்கள். மாத்திரை ஆய்வையும் இதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, முறைகள் வேறு. இருந்தாலும் எந்தப் பக்கம் பலன் இருக்கிறது என்று காட்ட இது போதும்.

லஸ் முனையில் மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் ஊர்வதைப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு நிமிடத்தின் விலையும் தெரியும். வழியில் போகும் நேரத்தை நம்மால் குறைக்க முடியாது. போனை எடுக்க யோசிக்கும் நேரத்தைக் குறைக்கலாம்.

அரசுப் பொட்டலத்தில் எது இல்லை?

2024 ஜனவரியில் கான்பூர் இதய நோய் மருத்துவமனை ஒன்று ஏழு ரூபாய்க்கு 'ராம் கிட்' என்று ஒரு பொட்டலம் வெளியிட்டது. ரத்தத்தை இளக்க ஆஸ்பிரின், கொழுப்புக்கு ரோசுவாஸ்டாடின், கூடவே சார்பிட்ரேட். அந்தச் செய்தி தமிழ்க் குரூப்களிலும் ஒரு சுற்று சுற்றியது.

அதற்கு முன்பே, 2023-இல், தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம் வரை நெஞ்சுவலிக்காரருக்கு உடனே கொடுக்க 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. எண்ணிப் பாருங்கள், சார்பிட்ரேட்டுக்கு அதில் இடமில்லை. கட்டி வளராமல் தடுப்பவைதான் முன்வரிசையில் நிற்கின்றன. பூங்காவில் அந்த அம்மா ஆஸ்பிரின் கேட்டதும் அதனால்தான்.

[பெட்டிச் செய்தி] இவர்களுக்கு சார்பிட்ரேட் ஆகாது

மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இருப்பவர்களுக்குக் கூடாது. இருக்கிற அழுத்தமும் சரிந்துவிடும். இதயத்தின் கீழ்ச்சுவரில் வரும் மாரடைப்பு சில சமயம் வலது கீழறையையும் பிடிக்கும். அப்போது இதயம் ஓடுவதே திரும்பி வரும் ரத்தத்தை நம்பித்தான். அதைக் குறைத்தால் மயங்கி விழலாம், அதற்கு மேலும் நடக்கலாம். ஈ.சி.ஜி. இல்லாமல் பூங்கா பெஞ்சில் இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கும் இது ஆபத்து. யாராக இருந்தாலும் நின்றுகொண்டு போடக் கூடாது, உட்கார்ந்துதான் போட வேண்டும்.

கேட்க வெட்கப்படும் கேள்வி

மாத்திரையை நீட்டிய நான்கு பேரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. நண்பர்கள் நடுவே கேட்கவும் முடியாது. "ராத்திரி வேற மாத்திரை ஏதாவது போட்டீரா?"

சில்டெனாஃபில், 'வயாக்ரா' என்ற பெயரில் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபைசர் நிறுவனம் அதை முதலில் ஆராய்ந்தது நெஞ்சுவலி மருந்தாகத்தான். சார்பிட்ரேட்டும் அதுவும் ஒரே தெருவில் வேலை பார்ப்பவை. மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியில் நீர் ஏற்றுகிறோம். நிறைந்து வழியாமல் ஒரு குழாய் வெளியேற்றுகிறது. சார்பிட்ரேட் மோட்டாரை ஓடவிடுகிறது, 'ஜி.எம்.பி.' ஏறுகிறது. சில்டெனாஃபில் வெளியேற்றும் குழாயை அடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்? ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குச் சரியும். சில்டெனாஃபில் எடுத்தவருக்கு 24 மணி நேரத்துக்கும், டடாலஃபில் எடுத்தவருக்கு 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பது உலகெங்கும் உள்ள விதி.

சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. வாங்கியவர் வீட்டில் சொல்லியிருக்கவும் மாட்டார். போதாததற்கு, மூலிகை என்று விற்கும் வீரிய காப்ஸ்யூல்களில் சில்டெனாஃபில் கலந்திருப்பது பல நாடுகளின் சோதனைக்கூடங்களில் பிடிபட்டிருக்கிறது. சாப்பிடுகிறவருக்கே தெரியாது! நுரையீரல் தமனி அழுத்தம் அதிகமுள்ள பெண்களும் இதே மருந்தை எடுக்கிறார்கள், ஆகையால் இது ஆண்களிடம் மட்டும் கேட்க வேண்டிய கேள்வியும் அல்ல. ஆம்புலன்ஸில் கேட்டால் மனைவி மக்கள் எதிரிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள். மானம் பிழைத்து ஆள் போய்விடக் கூடாது.

திங்கட்கிழமைத் தலைவலியும் '1-0-1' சீட்டும்

அருவங்காட்டுச் சரக்கைப் பற்றிப் பேசும்போது ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இங்கே வருகிறது. நைட்ரேட் உடம்புக்குச் சீக்கிரம் பழகிவிடும். மாத்திரையிலிருந்து வாயுவை அவிழ்க்கும் நொதி களைத்துப் போவது அதற்கு ஒரு காரணம். இருபத்து நான்கு மணி நேரமும் ரத்தத்தில் மருந்து இருந்தால் பலன் தேய்ந்துவிடும். ஆகவே தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நைட்ரேட் இல்லாத இடைவெளி வேண்டும். இரண்டு வேளை ஐசோசார்பைடு மோனோநைட்ரேட்டைக் காலை எட்டு, மாலை மூன்று என்று ஏழு மணி நேர இடைவெளியில் கொடுப்பது அதனால்தான்.

நம் மாத்திரைக் கவரிலோ பேனாவால் '1-0-1' என்று எழுதும் பழக்கம். காலையில் ஒன்று, ராத்திரி படுக்கும்போது ஒன்று. இப்படிப் போட்டால் இடைவெளியே இருக்காது. மருந்தும் சாப்பிடுகிறோம், வலியும் விடவில்லை என்று புலம்புகிறவர்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது வேளைக் கணக்கை. ஒன்று கவனம், தினசரி நைட்ரேட்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலி வந்த வெடிமருந்துத் தொழிலாளியின் கதை அதுதான்.

நெஞ்சைத் தாண்டி

இந்த வாயுவின் கை நீளம். ஆசனவாய் வெடிப்புக்குத் தடவும் களிம்பில் இருப்பதும் நைட்ரோகிளிசரின்தான். கீழே தடவினால் மேலே தலை வலிக்கும், பயப்பட வேண்டாம். ஐ.சி.யு.வில் கறுப்புக் காகிதம் சுற்றிய சொட்டு மருந்தைப் பார்த்திருக்கிறீர்களா? எகிறிய ரத்த அழுத்தத்தை இறக்கும் நைட்ரோபுருசைடு அது. வெளிச்சம் பட்டால் கெடும். அதன் மூலக்கூறில் ஐந்து சயனைடு வேறு ஒட்டியிருப்பதால் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துத்தான் செலுத்துவார்கள். நுரையீரல் தமனி விரியாமல் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைக்கு நைட்ரிக் ஆக்சைடு வாயுவையே சுவாசத்தில் கலந்து கொடுக்கும் சிகிச்சை 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செலவு அதிகம். அதனால் நம் நாட்டில் பல இடங்களில் அந்தக் குழந்தைகளுக்குக் கிடைப்பது, ஆம், சில்டெனாஃபில். பெயரைப் பார்த்துப் பெற்றோர் பதறுவது வழக்கம்.

கண் நீர் அழுத்தத்துக்கு இந்த வாயுவை அவிழ்க்கும் சொட்டு மருந்து 2017-இல் அமெரிக்காவில் வந்தது. குழந்தைகளின் தோலில் முத்து முத்தாக வரும் வைரஸ் கொப்புளத்துக்கு ஒரு ஜெல் 2024-இல் அங்கே அனுமதி பெற்றது. இங்கேயும் வேலை நடந்திருக்கிறது. ரத்தக்குழாய்கள் புதிதாகக் கிளைப்பதில் இந்த வாயுவின் பங்கைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏயூ-கேபிசி மையத்தில் சுவ்ரோ சாட்டர்ஜி குழு ஆராய்ந்தது. வேண்டிய இடத்தில் மட்டும் வாயுவை அவிழ்க்கும் மூலக்கூறுகளைப் புனே ஐசர் நிறுவனத்தில் ஹரிநாத் சக்ரபாணி குழு வடிவமைக்கிறது.

கீரை, பீட்ரூட் கதையும் உண்மைதான். அதிலுள்ள நைட்ரேட்டை வாயிலிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் மாற்ற, உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்கிறது. 2008-இல் லண்டனில் பீட்ரூட் சாறு குடித்த ஆரோக்கியமானவர்களுக்கு மூன்று மணி நேரத்தில் மேல் ரத்த அழுத்தம் சுமார் 10 புள்ளி இறங்கியது. தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் தாராளமாக வாங்குங்கள். சாறு குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இன்று ராத்திரியே ஒரு வேலை

அந்தப் பெரியவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, என் பையிலிருந்த ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தேன். அப்பாவுக்கு எழுதிக்கொடுத்தது. காலாவதித் தேதி முடிந்து பதினொரு மாதம். சென்னை வியர்வையில் ஊறி எழுத்தே பாதி அழிந்திருந்தது.

உங்கள் வீட்டு ஸ்ட்ரிப்பையும் எடுத்துப் பாருங்கள். யார் பெயருக்கு எழுதியது, தேதி இருக்கிறதா என்று. டாக்டர் உங்களுக்கு எழுதாததாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். எழுதியிருந்தால், வலி வந்ததும் உட்கார்ந்து ஒன்று போடுங்கள். ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றாலோ, வலி கூடினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ அடுத்த மாத்திரையைத் தேடாமல் போனை எடுங்கள். இதுவரை இதய நோயே இல்லாதவர் என்றால் மாத்திரைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பிரின் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா, அவசரத்துக்கு எவ்வளவு மெல்ல வேண்டும் என்று அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்டு எழுதி வாங்குங்கள். வயிற்றுப் புண், ரத்தக்கசிவு, அலர்ஜி இருப்பவர்களுக்கு அது ஆகாது. உங்கள் தெருவிலிருந்து எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்வார்கள் என்று இப்போதே விசாரித்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

அதற்குப் பக்கத்தில் 108 என்றும் எழுதுங்கள். அந்த ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது.